தண்ணி கட்டு

எனக்குச் சண்டை என்றாலே ஆகாது, மேடம். வீட்டில் காலையில் இட்லியா தோசையா என்று பேச்சு கொஞ்சம் தடித்தால் போதும், நானே எழுந்து போய் உப்புமா கிளறி வைத்துவிடுவேன். யாருக்கும் பிடிக்காது. ஆனால் இரண்டு தரப்பும் சேர்ந்து என்னைத் திட்டும். வீடு அமைதியாகிவிடும்.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லுங்களேன். புழுக்கத்துக்காக இல்லை. வெளியே வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் பிரம்மதேசத்து ஏரிப் பக்கத்து ஆட்கள் நிற்கிறார்கள், அந்தப் பக்கம் உப்பு விளைவிக்கிற அளத்துக்காரர்கள் நிற்கிறார்கள். நடுவில் உங்கள் கான்ஸ்டபிள் தம்பி லத்தியை ரயில்வே கேட் மாதிரி குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்கிறார். பாவம், கை வலிக்கும். நான் சொல்லப் போவது அவர்களுக்கும் கேட்கட்டும். கூட்டம் நடத்தி நடத்தி என் குரல் நன்றாக எட்டும். மைக் கேட்டதே இல்லை.

என் பெயர் தட்சணாமூர்த்தி. சொந்த ஊர் கீழ்புத்துப்பட்டு. எங்கள் தெருமுனையில் நின்று துப்பினால், காற்றைப் பொறுத்து அது தமிழ்நாட்டிலும் விழும், புதுச்சேரியிலும் விழும். அப்படி எல்லையில் வளர்ந்தவன் எந்தப் பக்கமும் சாய மாட்டான். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ஏரி, வாய்க்கால், ஓடை, கழுவெளிச் சதுப்பு என்று ஒரே தண்ணீர் போகிற வழியில் இருக்கிற ஊர்களையெல்லாம் ஒன்றாக உட்கார வைத்து, சண்டையில்லாமல் திட்டம் போட வைப்பது என் பொறுப்பு. வாட்டர்ஷெட் வேலை என்பார்கள். முதல் கூட்டத்தில் நான் அந்த வார்த்தையைச் சொன்னதுமே அளத்துக்காரர் சிங்காரம் கையைத் தூக்கினார்.

"ஷெட்டு எங்க சார் போடப் போறீங்க? தகரமா, சிமெண்ட் ஷீட்டா? அளத்துப் பக்கம் தகரம் வேணாம் சார், உப்புக் காத்துக்கு ரெண்டே வருசத்துல முறுக்கு மாதிரி நொறுங்கிடும்."

கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் எனக்கு ஷெட்டு சார் என்றுதான் பெயர்.

ஆமாம், அதே சிங்காரம்தான். போன வாரம் ஓடைக் குழாய்க்குள் மூழ்கிச் செத்துப்போனவர். அவர் விஷயமாகத்தான் ஏரி ஷட்டர் பார்க்கிற பச்சமுத்துவைப் பக்கத்து அறையில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். அந்த இடத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். டீ நன்றாக இருக்கிறது, இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் பெரம்பூர்க்காரர் என்று எழுத்தர் சொன்னார். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஏரியில் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி வயலுக்குப் போகும். வயல் குடித்தது போக மிச்சம் ஓடையில் இறங்கும். ஓடை உப்பளத்தை உரசிக்கொண்டு போய்க் கழுவெளியில் சேரும். புரட்டாசியில் ஏரிப் பக்கத்துக்கு நாற்றுக்குத் தண்ணீர் வேண்டும். அதே புரட்டாசியில்தான் அளத்தில் கடைசி உப்பு பாத்தி பாத்தியாகப் பூத்துக் கிடக்கும். மேலே ஒருவர் ஷட்டரைத் தூக்கினால் கீழே ஒருவருடைய உப்பு கரைந்து போகும். கீழே ஒருவர் ஓடையில் மணல் மூட்டையை அடுக்கினால் மேலே ஒருவருடைய நாற்று அழுகிப் போகும்.

வருஷா வருஷம் அடிதடி. ஒரு வருஷம் மண்டை உடைந்தது. ஒரு வருஷம் ஒரு மோட்டார் பைக் ஓடையில் மிதந்து கழுவெளி வரை போய்ப் பறவைகளோடு நின்றது. இன்னொரு வருஷம் மணல் மூட்டை போதவில்லை என்று ஏரிப் பக்கத்து ஆள் ஒருவரையே பிடித்து ஓடையின் குறுக்கே உட்கார வைத்துவிட்டார்கள். அவர் கொஞ்சம் பருமன். தண்ணீர் நிஜமாகவே நின்றது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த இரண்டு ஊரையும்தான் என்னிடம் கொடுத்தார்கள்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுவேன். வந்து உட்காரும்போதே ஆளுக்கு அரை வட்டமாக இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பேச்சு ஆரம்பித்தால் எல்லாமே இரண்டு வார்த்தையில் வந்து முட்டும். 'ஷட்டரைத் திறப்போம்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் அளத்துக்காரர்கள் எழுந்து போவார்கள். 'ஷட்டரை மூடுவோம்' என்று திருப்பிச் சொன்னால் ஏரிக்காரர்கள் எழுந்து போவார்கள். 'பாதி திறப்போம்' என்றேன். இரண்டு பேரும் எழுந்து போனார்கள். அப்போது நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், மேடம். முதல் முறையாகச் சேர்ந்து போனார்களே.

போன சித்திரையில் ஒரு கூட்டம். ஏரி காய்ந்து மாடு மேய்கிற காலம். ஏரிப் பக்கத்துத் தலைவர் ராஜாங்கம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இன்னாப்பா இது. மழை வந்தா, தேவைப்பட்டா, தண்ணி கட்டிட்டுப் போறோம். இதுக்குப் போயி இத்தினி வருசமா உக்காந்து டீ குடிச்சிக்கினு இருக்கோம்."

சிங்காரம் நாற்காலி சாய எழுந்தார். "யோவ், அதத்தான்யா நானும் தொண்டத் தண்ணி வத்தக் கத்திக்கினு இருக்கேன். தண்ணி கட்டு. நீ கட்டிட்டா உனக்கும் எனக்கும் இன்னா சண்ட?"

"கட்டறேன்யா."

"கட்டுய்யா."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு அரை வட்டமும் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள்.

உங்களுக்கு இதில் என்ன சிரிப்பு என்று தெரியாது. சொல்கிறேன். ஏரிப் பக்கத்தில் 'வயலுக்குத் தண்ணி கட்டுறேன்' என்றால் மடையைத் திறந்து பாய விடுவது. பச்சமுத்துவுக்கு ஷட்டரைத் தூக்குவதற்குப் பெயரே தண்ணி கட்டுவதுதான். அளத்துப் பக்கத்தில் கட்டுவது என்றால் கரை கட்டுவது, வரப்பு கட்டுவது, வருகிற தண்ணீரை நிறுத்துவது. ஒருவர் திறப்பேன் என்று சத்தியம் செய்தார். இன்னொருவர் மூடுவாய் என்று நன்றி சொன்னார். என் அம்மா வீட்டில் வயல், அப்பா வீட்டில் அளம். அந்தக் கூடத்தில் இரண்டு கட்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அந்த நொடியில் எனக்குத் தலை கிறுகிறுத்தது, மேடம். பயத்தில் இல்லை, ஆனந்தத்தில். பம்பரம் விட்ட குழந்தை மாதிரி உள்ளே என்னவோ சுற்றியது. இத்தனை வருஷமாக நான் தேடிய வார்த்தை, தமிழிலேயே, சும்மா கிடந்திருக்கிறது. வாயைத் திறக்கவில்லை. எங்கள் பயிற்சியில் முதல் பாடமே அதுதான். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட வார்த்தையில் நடுவில் இருப்பவன் கை வைக்கக் கூடாது.

மதகுச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுத வைத்தேன்: 'ஒரு போன் போதும், தண்ணி கட்டுவோம்.' இரண்டு ஊரும் அதன் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது.

அந்தக் கோடையைப் போல் ஒரு கோடை வராது. அளத்துப் பிள்ளைகளும் ஏரிப் பிள்ளைகளும் காய்ந்த ஏரிக்குள்ளேயே கிரிக்கெட் ஆடினார்கள். ராஜாங்கம் வீட்டு நுங்கு சிங்காரம் வீட்டுக்குப் போனது. சிங்காரம் வீட்டு உப்பு ராஜாங்கம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்குப் போனது. என்னை ஆரோவில்லில் ஒரு கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். எப்படிச் சாதித்தீர்கள் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா கேட்டார். காது கொடுத்துக் கேட்டேன், அவ்வளவுதான் என்றேன். அந்த அம்மா அழுதார். நானும் அழுதேன். வெளியே வந்து சைக்கிளில் ஏறி, கையை விட்டு ஓட்டினேன். இந்த வயதில்.

ஏரி காய்ந்திருந்தவரை உடன்பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஆவணிக் கடைசியில் ராஜாங்கம் வீட்டுக் காதுகுத்து. சிங்காரத்துக்குத் தனியாகப் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டார்கள். சண்டை தீர்ந்ததால்தான் அவர் அந்தப் பந்தியில் உட்கார்ந்தார், அதைக் கவனியுங்கள். மறுநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் ஆபீஸுக்குள் வந்தார். ஏதோ வயிற்றுப்போக்கு என்று நினைத்தேன். சிரிப்பு.

"சார், சார், ஒரு காமெடி. சாப்ட்டு முடிச்சதும் ராஜாங்கம், 'வா சிங்காரம், மோட்டாரு போட்டிருக்கேன், அப்படியே வயலுக்குப் போயி தண்ணி கட்டிட்டு வந்துரலாம்'னான். நானும் நல்ல மனுசனாட்டம் வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு, மம்பட்டிய வாங்கி மடைல ரெண்டு தட்டு மண்ணு போட்டேன். அவன் என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, நான் போட்ட மண்ண வெட்டி இந்தாண்ட போட்டான். நான் திரும்பப் போட்டேன். அவன் திரும்ப வெட்டுனான். 'இன்னாய்யா, கட்டுன்னா தொறக்குறே'ன்னு கேக்க வாயெடுத்தேன் சார். அப்பத்தான் பொறி தட்டுச்சு."

சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எனக்கும் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது, மேடம். ஒரே மடையில் இரண்டு பெரிய மனிதர்கள் மாற்றி மாற்றி மண்ணை வெட்டுகிற காட்சியை யாரால் அடக்க முடியும்.

"ராஜாங்கத்துக்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"ஐய, அங்க சொன்னா ஒரு ஆளுதான் சிரிப்பான். கூட்டத்துக்குன்னு வெச்சிருக்கேன் சார். ரெண்டு ஊரும் இருக்கச் சொல்ல அவுத்து விட்டேன்னு வெய்யி, கூடமே அதிரும்."

"சுவத்துல எழுதி வெச்சிருக்கோமே, சிங்காரம்."

"அது இன்னா சார், ஒரு டப்பா பெயிண்ட்டு. தொறக்கணும்னா 'தூக்கு', நிறுத்தணும்னா 'அடை'ன்னு எழுதிட்டாப் போச்சு. மழைக்கு முன்ன சொல்லிட்டா சிரிச்சிட்டுப் போயிருவாங்க. மழ வந்தப்புறம் தெரிஞ்சா வெட்டிக்குவாங்க."

அவருக்கு மனிதர்களைப் பற்றி என்ன தெரியும். நான் அவர்களோடு பழகியவன். சிரிக்க மாட்டார்கள். அப்படியே சிரித்தாலும், எதைப் பார்த்துச் சிரிப்பார்கள்? அந்தச் சுவரைப் பார்த்து. இத்தனை வருஷத்து உழைப்பைப் பார்த்து. ஆரோவில் அம்மாவின் கண்ணீரைப் பார்த்து. நான் என் பெயருக்காகச் சொல்லவில்லை. சமாதானம் என்பது கண்ணாடிச் சாமான் மாதிரி, அதை வைத்து விளையாடக் கூடாது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவரைப் பல தடவை பார்த்தேன். வேண்டாம் என்று நயமாகச் சொன்னேன். அவர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து மண் வெட்டுகிற மாதிரி அபிநயம் பிடிப்பார். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் செய்தார். நான் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். தவறான பஸ்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. ஏரி தளும்பியது. அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் மழை வெறித்திருந்தது. சொல்ல வேண்டாம் என்று கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்க அளத்துக்குப் போனேன். உப்பு லாரி போகிற மண் பாதையின் அடியில், ஓடைக்கு ஒரு சிமெண்ட் குழாய் போட்டிருப்பார்கள். குனிந்தால் ஒரு ஆள் போகலாம். அதில் வேலிகாத்தான் முள்ளும் பாலித்தீனும் அடைத்திருந்தது. சிங்காரம் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆட்கள் எல்லாரும் அந்தண்டைப் பாத்தியில் மழைக்குத் தப்பின உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க ஷெட்டு சார். நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இதப் புடிங்க," என்று சட்டையையும் போனையும் என் கையில் கொடுத்துவிட்டு, கத்தியோடு உள்ளே நுழைந்தார்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. பச்சமுத்து மேலே வயலுக்கு ஷட்டரைக் கொஞ்சமாகத் தூக்கி விட்டிருந்தான். நான் பாதை ஓரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். குழாய்க்குள்ளிருந்து அவர் குரல், கோயில் மணிக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஜோராக வந்தது. நாளைக்குக் கூட்டத்தில் எப்படிச் சொல்லப் போகிறார் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாங்கம் குரலில் ஒரு தடவை, தன் குரலில் ஒரு தடவை. நடுவில் நிறுத்தினார்.

"சார், பழைய வலை ஒண்ணு காலச் சுத்திக்கிச்சு."

"இழுத்துப் பாருங்க."

"இழுத்தா முள்ளும் சேந்து வருது. அறுக்கலாம்னா கத்தி கீழ வுழுந்துட்ச்சு. தண்ணி வேற ஏர்றாப்புல இருக்குது. பச்சமுத்துக்கு ஒரு போனைப் போட்டு தண்ணி கட்டச் சொல்லுங்க சார்."

பாருங்கள், அந்த வார்த்தையைப் பற்றி இத்தனை நாளாகச் சிரித்த மனிதர். ஆனால் கால் மாட்டிக்கொண்டால் வாயில் தன் வீட்டு வார்த்தைதான் வருகிறது. மனித சுபாவம்.

நான் திட்டம் போட்டுப் போனவன் இல்லை, மேடம். திட்டம் போடுவதுதான் என் வேலை என்றாலும், அன்றைக்கு ஒரு திட்டமும் இல்லை. அவர் கேட்டார், நான் செய்தேன். அவர் போனிலிருந்தே பச்சமுத்துவைக் கூப்பிட்டேன். "பச்சமுத்து, நான் ஷெட்டு சார் பேசறேன். சிங்காரம் சொல்றாரு, தண்ணி கட்டு" என்றேன். ஒரு எழுத்தைக் கூட மாற்றவில்லை. ஒருவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே அடுத்தவரிடம் கொண்டு சேர்ப்பது எங்கள் பயிற்சியில் இரண்டாவது பாடம்.

"சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டேன்."

"கட்டறேன்னானா?"

"ஒடனே கட்டறேன்னான்."

"தங்கமான பையன் சார். ஏரிப் பக்கத்துல பொறந்துட்டானே தவுர, தங்கம்."

ஏரியிலிருந்து அந்தக் குழாய் வரை தண்ணீர் வந்து சேர நேரம் ஆகும். அந்த நேரத்தில் எட்டிக் கூப்பிட்டால் அந்தண்டைப் பாத்தி ஆட்கள் ஓடி வந்திருப்பார்கள். என்னிடம் வீட்டுச் சாவிக் கொத்தில் சின்னக் கத்தி ஒன்று எப்போதும் இருக்கும், பழம் வெட்ட. நான் எதையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவர் மறுபடியும் ஒத்திகையைத் தொடர்ந்தார். ராஜாங்கம் மண்ணை வெட்டிப் போட்டுவிட்டு முழிக்கிற இடம் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். குழாய் முழுக்கச் சிரிப்பு. வெயில் நன்றாக அடித்தது. உப்பு மேடுகள் கண்ணைக் கூச வைத்தன. எனக்கு உடம்பு லேசாகி, பறக்கிற மாதிரி இருந்தது. என்ன காரணம் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது மேற்கே ஓடையில் ஒரு சத்தம். லாரி மண்ணைக் கொட்டுகிற மாதிரி.

சிங்காரம் சிரிப்பை நிறுத்தினார்.

"சார்."

"சொல்லுங்க, சிங்காரம்."

"எந்தக் கட்டு சார்?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் ஒரு தரப்பு மட்டும் இருக்கிற இடத்தில் விளக்கம் சொல்வது முறை இல்லை. மூன்றாவது பாடம் அது. நான் எழுந்து கொஞ்சம் தள்ளி நின்றேன். வேட்டி நனையும்.

அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். 'ஷெட்டு சார்' என்று முழுதாகக் கூப்பிடவில்லை, 'ஷெ' வரைக்கும்தான் வந்தது.

அவரை எடுத்துப் போட்டபோது நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மேடம். சேதி கேட்டு ஏரிப் பக்கத்திலிருந்து முதலில் ஓடி வந்தவர் ராஜாங்கம். வலையைப் பல்லாலேயே கடித்து அறுத்தார். பாடையின் முன்பக்கம் அவர் தோளில், பின்பக்கம் அளத்துக்காரர்கள் தோளில். இரண்டு ஊரும் ஒரே வரிசையில் நடந்தது. சிங்காரம் சம்சாரம் ஞானாம்பாளை ஏரிப் பக்கத்துப் பெண்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் எத்தனை கூட்டம் போட்டேன், ஒரு கூட்டத்திலாவது நாற்காலிகள் அப்படிக் கலந்ததுண்டா? அடக்கம் முடிந்து திரும்பும்போது, சிங்காரம் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே விட்டிருக்கலாம். நீங்கள்தான் விசாரித்தீர்கள்.

குறை சொல்லவில்லை, உங்கள் கடமை. பச்சமுத்துவைக் கேட்டீர்கள். 'ஷெட்டு சார் தண்ணி கட்டுன்னாரு, கட்டினேன்' என்றான். என்னைக் கேட்டீர்கள். 'தண்ணி கட்டு என்று சொன்னேன்' என்றேன். இரண்டு வாக்குமூலமும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தது. அதனாலேயே அவன் மாட்டிக்கொண்டான். நிறுத்தச் சொன்ன பிறகும் திறந்துவிட்டான் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அவன் 'கட்டினேன், கட்டினேன்' என்று அழ அழ, பொய் சொல்கிறான் என்றீர்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். துக்கத்தில் என்று நினைத்து அந்தப் பெண் கான்ஸ்டபிள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நல்ல பெண்.

இப்போது வெளியே கேளுங்கள். நான் பேச ஆரம்பித்தபோது எப்படி இருந்தது? "கட்டுன்னா ஏண்டா கட்டல?" என்று அந்தப் பக்கம். "கட்டுன்னதாலதான்டா கட்டினான்" என்று இந்தப் பக்கம். அளத்துக்காரர் கையில் மம்பட்டி, ஏரிக்காரர் கையில் மம்பட்டி. அந்தக் காதுகுத்து நாள் மாதிரியேதான், என்ன, இன்றைக்கு வெட்டுவதற்கு மண் இல்லை. பச்சமுத்துவை நீங்கள் கோர்ட்டுக்கு அனுப்பினால் ஏரிப் பக்கம் எரியும். விட்டுவிட்டால் அளத்துப் பக்கம் எரியும். என் கண் முன்னால், நான் கட்டிய சமாதானம். அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? எனக்குத்தான் சண்டை ஆகாதே.

அதனால்தான் நானே வந்தேன். மனசாட்சி, கண்ணீர் என்று எதையாவது எழுதிவிடாதீர்கள், எனக்கு ராத்திரி நன்றாகவே தூக்கம் வருகிறது. இது ஒரு ஒருங்கிணைப்பு நடவடிக்கை. இரண்டு தரப்பையும் ஒருவரை ஒருவர் பார்க்க விடாமல், இரண்டு பேரையும் மூன்றாவதாக ஒன்றைப் பார்க்க வைக்க வேண்டும். உப்புமா மாதிரி.

ஒன்று விட்டுவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பச்சமுத்து மேல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். போனில் நான் சொன்னதும் அவனுக்கு ஆச்சரியம். "அளத்துக்காரரே கேக்குறாரா சார்? நல்ல மனசு சார் அவருக்கு" என்றான். அப்புறம் கேட்டான்: "கொஞ்சமா கட்டவா, முழுசா கட்டவா?"

சிங்காரம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எந்தத் தரப்பும் சொல்லவில்லை. குழாய்க்குள்ளிருந்து அவர் ராஜாங்கம் குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"முழுசா" என்றேன்.

அது மட்டும் என் வார்த்தை, மேடம். இத்தனை வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் நான் என் வார்த்தை என்று ஒன்றைச் சொன்னதில்லை. நாக்கில் சர்க்கரை வைத்த மாதிரி இருந்தது.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

வெளியே அமைதியாகிவிட்டது, கவனித்தீர்களா. அதுதான் கூட்டத்தில் நல்ல அறிகுறி. அமைதி வந்துவிட்டால் அடுத்து யாராவது ஒருவர் எல்லாருக்கும் சேர்த்துப் பேசுவார். பாருங்கள், ஞானாம்பாள் குரல். என்ன சொல்கிறார்?

"அவனக் கட்டுங்கடா."

இது ராஜாங்கம். "கட்டுங்கடா அவன, மரத்துல கட்டுங்க."

இப்போது எல்லாரும். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இல்லாமல், ஒரே குரலில். பக்கத்து அறையிலிருந்து பச்சமுத்து கூடச் சேர்ந்துகொண்டான் போலிருக்கிறது. கட்டு, கட்டு என்கிறார்கள். ஜன்னலை மூடாதீர்கள், மேடம், தயவுசெய்து. முதல் முறையாக இரண்டு ஊரும் அந்த வார்த்தையை ஒரே அர்த்தத்தில் சொல்கிறது.

கூட்டம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.